அக்காவின் ரகசியம்

நான் பத்திரிகைக்காரி. பதினான்கு வருஷமாக ஊரார் விஷயங்களைக் கேட்டு எழுதிப் பிழைக்கிறவள். குடிதண்ணீர்க் குழாய் முதல் கோர்ட்டு வழக்கு வரையில் எதையும் நாலு கேள்வி கேட்டுக் கறந்துவிடுவேன் என்று ஆபீஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அப்பேர்ப்பட்ட நான், நாலு தெரு தள்ளிக் குடியிருக்கும் என் சொந்த அக்கா மூன்று வருஷமாக மறைத்து வைத்திருந்த ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்கள்? அவள் மயக்கம் போட்டு விழுந்த பிறகு!

2023-ம் வருஷத்து நவராத்திரி. அமாவாசையன்று சாயங்காலம் அக்கா வீட்டில் ஒன்பது படி கட்டி, பொம்மைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். திருவல்லிக்கேணியில் அந்த வீட்டுக் கொலுவுக்கு ஒரு பிரசித்தி உண்டு. அக்காவின் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி, எந்தப் பொம்மை எந்தப் படி என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தசாவதார செட்டில் வாமனரைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலின் மேல் ஏறினாள் அக்கா. அடுத்த நிமிஷம் வாமனர் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். வாமனருக்குக் குடை உடைந்தது. அக்காவுக்குப் புருவத்தின் மேல் இரண்டு தையல்.

“நவராத்திரி வேலை ஜாஸ்தி. சரியாகச் சாப்பிடறதில்லை” என்றார் அத்திம்பேர்.

எனக்கு ஏனோ திருப்திப்படவில்லை. அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் வலுக்கட்டாயமாக ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மத்தியானம் லாபிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். “மேடம், ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கேன். இன்னிக்கே டாக்டரைப் பாருங்க.” ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 ஆவது இருக்க வேண்டும். அக்காவுக்கு 6.8.

டாக்டர் வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில்தான் ரகசியம் வெளியே வந்தது. மாதத்தில் பன்னிரண்டு நாள், சில மாதம் பதினைந்து நாள் போகிறதாம். முதல் நாலு நாள் மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டுமாம். கட்டி கட்டியாகப் போகுமாம். அக்கா எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். ஒரு பீரியட் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தைத் தாண்டுவதற்கு அவள் என்னென்ன கணக்குப் போட்டிருக்கிறாள் தெரியுமா? நாற்காலியில் உட்காரவே மாட்டாள். கரும்பலகைப் பக்கமே நின்றுகொண்டிருப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். கறுப்பு, கரு நீலம், அரக்கு, இவை தவிர வேறு கலரில் புடவை எடுப்பதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. போன தீபாவளிக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த சந்தனக் கலர் புடவையை அவள் ஏன் கட்டவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? என் ரசனை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்டி யாரிடமும் சொல்லவில்லை?” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“என்னன்னு சொல்றது? எங்காத்திலே அந்த நாளிலே விலகி இருக்கணும், தெரியுமில்லையோ? மூணு நாள்னா பரவாயில்லை. பாதி மாசம் விலகி இருந்தா வீடு என்ன ஆறது? சமையல் யார் பண்றது? கொலு யார் வைக்கிறது? அதனாலே... சொல்லலை. மூணு வருஷமா அதோடயே படி கட்டியிருக்கேன், விளக்கு ஏத்தியிருக்கேன். அந்தப் பாவம்தான் இன்னிக்குக் கீழே தள்ளித்து.”

நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் எத்தனை பேர் பீரோவைத் திறந்து கறுப்புப் புடவையாகப் பார்த்து எடுக்கிறீர்களோ, எனக்கெப்படித் தெரியும்? ஏழு நாளைக்கு மேல் போவது, மணிக்கு ஒன்று மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாக விழுவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது இதெல்லாம் “வயசானால் அப்படித்தான்” என்று விட்டுவிடுகிற விஷயங்கள் இல்லை. இதை மட்டும் இங்கேயே சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு. ஒன்றல்ல, நாலு. பெரியது எட்டு சென்டிமீட்டர், ஒரு சாத்துக்குடி அளவு!

கட்டி என்று கேட்டதும் அம்மா வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது. கட்டி என்றால் நம் வீடுகளில் ஒரே ஒரு வியாதிதான் ஞாபகத்துக்கு வரும். ஃபைப்ராய்டு அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையிலேயே ஒரு சின்ன இழை கணக்குத் தப்பி வளர்ந்து, நூல்கண்டு மாதிரி சுற்றிச் சுற்றித் திரண்டுகொள்கிறது. அவ்வளவுதான். அது புற்றாக இருப்பது மிக மிக அபூர்வம். ஐம்பது வயதுக்குள் பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு அளவில் இது இருக்கிறது என்று அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது இருப்பதே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பெண்மைக்குரிய ஹார்மோன்கள்தாம் அதற்குத் தீனி. மாதவிலக்கு நின்றுபோனால் தானே சுருங்கத் தொடங்கிவிடும். தொந்தரவு எல்லாம் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளிப்பக்கம் வளர்ந்தால் மூத்திரப்பையை அழுத்தும், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வைக்கும். உள்பக்கம் தள்ளிக்கொண்டு வளர்ந்தால், சின்னதாக இருந்தாலும் ரத்தத்தைக் கொட்ட வைக்கும். அக்காவுடையது சுவருக்குள் இருந்து உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்த டாக்டரம்மாள் நல்ல கைராசிக்காரர், ரொம்ப பிஸி. ஸ்கேனைப் புரட்டினார். “குழந்தை எத்தனை?” என்றார். “ஒரு பையன். காலேஜில் படிக்கிறான்.” “அப்புறம் என்ன? இனிமேல் அந்தப் பை எதுக்கு? எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை அட்மிட் ஆயிடுங்க.” மூன்று நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் ஃபைப்ராய்டு திரும்ப வராது; ரத்தப்போக்கும் இருக்காது. அந்த ஆபரேஷனால் மறுபிறவி எடுத்தவர்கள் ஏராளம். ஆனால் “வேறு வழி இருக்கிறதா?” என்று நான் கேட்டபோது, “எதுக்கு இருக்கணும்?” என்று அவர் திருப்பிக் கேட்டது என் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் மகாநாடு. அம்மா, அத்திம்பேர், கோயமுத்தூரிலிருந்து போனில் பையன், எதிர்வீட்டு மாமி, எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்: எடுத்துவிட வேண்டியதுதான். எதிர்வீட்டு மாமி தமக்கு எடுத்த கதை, தம் நாத்தனாருக்கு எடுத்த கதை எல்லாம் சொன்னார். அக்கா சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த அக்காவின் மாமியார் பேசினார். எழுபத்தேழு வயது. அவர் பேசினால் அந்த வீட்டில் ஃபேன்கூடச் சத்தமில்லாமல் சுற்றும்.

“அவளைக் கேட்டேளா?” என்றார்.

எல்லோரும் விழித்தோம்.

“எனக்கும் எடுத்திருக்கு. 1983-லே. முப்பத்தேழு வயசு. டாக்டர் இவரோட அப்பாகிட்டே சொன்னார். அவர் என் மாமனார்கிட்டே சொன்னார். மாமனார் சரின்னார். மூணு பேரும் பேசி முடிச்சா. ‘வயத்திலே ஒரு கட்டி, எடுக்கப் போறா’ன்னு என்கிட்டே சொன்னா. பையோட, ரெண்டு பக்கத்து சினைப்பையோட எல்லாத்தையும் எடுத்தது, நாலு மாசம் கழிச்சு ஒரு நர்ஸம்மா பேச்சுவாக்கிலே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் உடம்பெல்லாம் தீயா எரியும். ராத்திரி எழுந்து கிணத்தடியிலே போய் உட்கார்ந்துப்பேன். பைத்தியம் புடிச்சுடுத்துன்னு மந்திரிச்சா.”

அத்திம்பேர் தம் தாயாரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி சமையலறைப் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்: “மூணு வருஷமா கறுப்புப் புடவையாக் கட்டறயே, எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். நீ சொல்லலை. நான் கேக்கலை.”

உள்ளே டம்ளர் சத்தம் நின்றுபோயிற்று.

மாமியின் கதை பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2023 ஏப்ரலில்தான் நம் சுப்ரீம் கோர்ட், தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அமலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பக்கத்து ஏழைப் பெண்களுக்கு நடந்ததை ஒரு டாக்டரே வழக்காகக் கொண்டுபோனார். அதன் தீர்ப்பு அது. கேட்காமல் எடுப்பது, பயமுறுத்தி எடுப்பது எல்லாம் இன்னும் இருக்கிறதென்று அர்த்தம்.

மறு வாரம் வேறொரு டாக்டரம்மாளிடம் போனோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக் காகிதத்தில் படம் வரைந்தார். மாத்திரைகள் இருக்கின்றன, ரத்தப்போக்கைக் குறைக்கும், கட்டி அப்படியே இருக்கும். கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுப் பையைத் தைத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறது. பையையே எடுப்பது இருக்கிறது. “நாலாவதாக ஒண்ணு இருக்கு. அதை நான் செய்ய மாட்டேன், எக்ஸ்ரே டிபார்ட்மெண்ட் டாக்டர் செய்வார். கட்டிக்கு ரத்தம் போற குழாயை அடைச்சுடறது. கத்தி கிடையாது” என்றார்.

கத்தி கிடையாது என்றதும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கோ சந்தேகம். குழாயை அடைத்தால் கர்ப்பப்பை என்ன ஆகும்? அதுவும் சேர்ந்து பட்டுப்போகாதா?

அந்த எக்ஸ்ரே டாக்டர், ‘இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்’ என்று வாயில் நுழையாத பட்டம் அவருக்கு, இதை எனக்கு விளக்கிய விதம் பிடித்திருந்தது. அவர் காவிரிக் கரைக்காரராம். வயலுக்கு ஒரு பெரிய வாய்க்கால் இருக்கிறது. அதைத் தவிர அக்கம்பக்கத்திலிருந்து கசிந்து வரும் சின்னச் சின்னக் கண்ணிகளும் உண்டு. கர்ப்பப்பைக்கு வலம் ஒன்று, இடம் ஒன்றாக இரண்டு பெரிய தமனிகள். அவை போக சினைப்பைப் பக்கத்திலிருந்தும் கீழே பிறப்புறுப்புப் பக்கத்திலிருந்தும் கிளைக் குழாய்கள் வந்து சேருகின்றன. பெரியதை அடைத்தால் கர்ப்பப்பை இந்தக் கிளைகளை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ஃபைப்ராய்டோ பெரிய வாய்க்காலையே நம்பி வளர்ந்தது. அதற்கு அந்த சாமர்த்தியம் கிடையாது, வற்றிவிடும்.

“அடைக்கிற பொருள் எது?” என்றேன்.

“ரவை மாதிரி இருக்கும்” என்றார். பிளாஸ்டிக்கைப் போன்ற ஒரு வஸ்துவில் செய்த நுண்ணிய மணிகள். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு வரையில். அதைத் தண்ணீர் போன்ற மருந்தில் கலந்து தமனிக்குள் விடுவார்கள். ஃபைப்ராய்டு பேராசைக்காரக் கட்டி. மற்ற இடங்களை விட அதிக ரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே மணிகளும் அந்த வேகத்தில் அதன் பக்கமே போய், அதன் குழாய்களில் அடைத்துக்கொண்டுவிடுமாம். தன் பேராசையாலேயே கெடுகிற அசுரன் கதைதான்!

இந்தச் சிகிச்சை பிறந்த விதம் ஸ்வாரஸ்யமானது. பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கை இப்படித் தமனியை அடைத்து நிறுத்தலாம் என்பது 1970-களின் கடைசியிலேயே தெரிந்திருந்தது. பாரிஸில் லாரிபோய்ஸியேர் ஆஸ்பத்திரியில் ழாக் ராவினா என்ற டாக்டர் ஃபைப்ராய்டு ஆபரேஷனுக்கு முன்பு இதைச் செய்து பார்த்தார். கத்தி வைக்கும்போது ரத்தம் அதிகம் போகாமல் இருக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம். அடைத்தார், ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அந்த நாள் வருவதற்குள் சில பெண்களுக்குத் தொந்தரவே போய்விட்டது. சௌக்கியமாக இருக்கிறேனே, ஆபரேஷன் எதற்கு? முன்னேற்பாடே வைத்தியமாகிவிட்டது! 1995-ல் பதினாறு பெண்களின் அனுபவத்தை அவரும் சகாக்களும் ‘லான்செட்’ என்ற பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அதன் பின் உலகம் முழுவதும் பரவிற்று. 2004 நவம்பரில் அமெரிக்காவின் காண்டலீஸா ரைஸ் அம்மையார், அந்நாட்டு வெளியுறவு மந்திரி பதவிக்கு முன்மொழியப்பட்ட அதே வாரத்தில், வாஷிங்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இதே சிகிச்சையைச் செய்துகொண்டு, ஒரு ராத்திரி தங்கிவிட்டு வீட்டுக்குப் போனார் என்று பத்திரிகைகளில் வந்தது.

அக்காவுக்கு உடனே செய்துவிடவில்லை. முதலில் ரத்தம் ஊற வேண்டும். டிரிப் மூலமாக இரும்புச் சத்து ஏற்றினார்கள். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை. கர்ப்பப்பையின் உள் சவ்வில் ஒரு துளி எடுத்து, புற்றின் அறிகுறி ஏதும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்கள். இது முக்கியம்; ஏனென்றால் கட்டியை வெளியே எடுக்காத வைத்தியத்தில் அதை அறுத்துப் பரிசோதிக்க வழியில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டிகளின் ஜாதகத்தைக் கணித்தார்கள். 2024 பொங்கல் கழிந்து பத்தாம் நாள் அட்மிட் ஆனோம்.

இருதயத்துக்கு ஆஞ்சியோ செய்கிற அறை மாதிரிதான் இருக்குமாம் அந்த அறை. அக்கா முழு மயக்கத்தில் இல்லை, அரைத் தூக்கம். தொடையிடுக்கில் மரத்துப்போக ஓர் ஊசி. அங்கே ஒரு சின்னத் துளை. அதன் வழியாக இரண்டு மில்லிமீட்டர்கூடப் பருமன் இல்லாத ஒரு குழாயைத் தமனிக்குள் நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம் என்று கர்ப்பப்பைத் தமனி வரைக்கும் ஓட்டிப் போகிறார்கள். மை போன்ற ஒரு மருந்தைப் பாய்ச்சினால் குழாய்கள் திரையில் கிளை விட்டுத் தெரிகின்றன. “உள்ளே போறது ஒண்ணுமே தெரியலைடி. மை விட்டப்போ மட்டும் அடிவயிறு கதகதன்னு இருந்தது” என்றாள். ஒன்றே கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். டாக்டர் எனக்கு இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் கட்டியைச் சுற்றி இலையும் கிளையுமாக அடர்ந்த ஒரு மரம். இரண்டாவது படத்தில் அடிமரம் மட்டும் நிற்கிறது, கிளைகளைக் காணோம்.

நான் அத்திம்பேருக்குப் போன் செய்து, “அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு!” என்றேன். அவசரக் குடுக்கை!

இரண்டு மணி நேரத்தில் வலி தொடங்கிற்று. இதை நான் மறைக்கப் போவதில்லை. ‘கத்தியின்றி, தழும்பின்றி’ என்று அச்சடித்த ஆஸ்பத்திரித் துண்டுப் பிரசுரத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: ‘சிறிது வலி இருக்கலாம்.’ சிறிதா! ரத்தமின்றித் தவிக்கிற தசையின் வலி அது. பிரசவ வலி மாதிரி பிசைந்து பிசைந்து வந்தது. காலை வேறு ஆறு மணி நேரம் மடக்கக் கூடாது. துளை போட்ட இடத்தில் ரத்தம் கசிந்துவிடும். கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். அதை அமுக்கினால் வலி மருந்து தானாக இறங்கும்; எத்தனை தடவை அமுக்கினாலும் அளவுக்கு மேல் இறங்காது. அக்கா அந்த ராத்திரி எத்தனை தடவை அமுக்கினாள் என்பதை அந்த யந்திரமே கணக்கு வைத்திருந்தது: அறுபத்து மூன்று. நடுவில் வாந்தி. விடியற்காலை இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, “பேசாம எடுத்திருக்கலாமோடி?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. நான்தானே இவளை இதில் கொண்டுவந்து விட்டேன்? ஒரு படம், ஒரு வாய்க்கால் கதை, இதற்கு மயங்கி! அந்த ராத்திரி எனக்கு இருந்த பயத்தை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

நாலு மணிக்கு மேல் வலி அடங்கத் தொடங்கியது. காலை எட்டு மணிக்கு இட்லி கேட்டாள். மறுநாள் வீடு. மூன்றாம் நாள் ஜுரம், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. டாக்டர் இதை முன்னமே சொல்லியிருந்தார். ஒரு வாரத்துக்குள் போய்விடும் என்றார். போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு ஜுரம் ஏறினாலோ, கெட்ட வாடையுடன் கசிவு இருந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வர வேண்டும் என்றும் எச்சரித்திருந்தார். சிலருக்கு உள்ளே புண்ணாகிச் சீழ் வைத்துவிடுவதுண்டு. அபூர்வம், ஆனால் உண்டு. பன்னிரண்டாம் நாள் அக்கா பள்ளிக்கூடம் போனாள். பையை எடுத்திருந்தால் ஆறு வாரமாவது ஆகியிருக்கும்.

மூன்று மாதத்தில் ரத்தப்போக்கு ஐந்து நாளாக வந்து நின்றது. ஆறாம் மாதம் மறுபடியும் எம்.ஆர்.ஐ. எட்டு சென்டிமீட்டர் கட்டி ஆறு சென்டிமீட்டர் ஆகியிருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு இரண்டே சென்டிமீட்டரா? கணக்கு வாத்தியாரம்மாள் ரிப்போர்ட்டின் பின்புறத்திலேயே பேனாவை எடுத்துவிட்டாள். “உருண்டைக்கு விட்டத்தைப் பார்த்தா ஆச்சா, அசடே? கன அளவைப் பாரு. ஆறின் கனம் இருநூற்றுப் பதினாறு. எட்டின் கனம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பாதிக்கு மேலே போயாச்சு!” ஹீமோகுளோபின் 12.1.

இத்துடன் கதையை முடித்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் என் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தைக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கும் ஃபைப்ராய்டு. அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு அதே டாக்டரிடம் ஓடினாள். அவர் செய்ய மறுத்துவிட்டார்! இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் குழந்தைதான் குறிக்கோள் என்றால் கட்டியை மட்டும் எடுத்துப் பையைத் தைப்பதே முதலில் யோசிக்க வேண்டியது என்று அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார். மணிகள் வழி தவறி சினைப்பைப் பக்கம் போனால் மாதவிலக்கு அடியோடு நின்றுபோகலாம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இதையெல்லாம் தாமே எடுத்துச் சொல்லி, வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பியதால்தான் அந்த டாக்டர் மீது எனக்கு மரியாதை இன்னும் கூடியது. பிரிட்டனில் 254 பெண்களை வைத்து, கட்டியை மட்டும் எடுப்பதையும் குழாயை அடைப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்ததில், இரண்டு கோஷ்டியும் முன்னைவிடச் சௌக்கியமாக இருந்தார்கள். கட்டியை எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம்.

அக்காவுக்கும் முழு விடுதலைப் பத்திரம் கொடுத்துவிடவில்லை. நெதர்லாந்தில் 177 பெண்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். குழாயை அடைத்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கடைசி வரையில் பையை எடுக்காமலே தப்பினார்கள். மீதி மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு எடுக்கத்தான் வேண்டியிருந்தது. டாக்டர் இந்தக் கணக்கை முன்னாலேயே சொன்னார். “மூணிலே ரெண்டு. பரவாயில்லை, பாஸ் மார்க்குக்கு மேலேதான்” என்றாள் அக்கா. இப்போது அவளுக்கு நாற்பதுகளின் நடுப்பகுதி. மாதவிலக்கு நிற்கும் வரை தாக்குப் பிடித்துவிட்டால் ஜெயம். செலவு? ஆபரேஷனுக்குச் சொன்ன தொகையை விடச் சற்று அதிகமாகவே ஆயிற்று. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் நான் மூன்று நாள் போனில் சண்டை போட வேண்டியிருந்தது. உள்ளே போவதற்கு முன்பே அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா ஊரிலும் இதைச் செய்பவர்கள் இல்லை. பெரிய நகரங்களில் கேட்டால் கிடைப்பார்கள்.

2024 நவராத்திரிக்கு அந்த வீட்டுக் கொலுவுக்குப் போனேன். சந்தனக் கலர் புடவை! வாமனருக்குக் கோந்து போட்டுக் குடை ஒட்டியிருந்தார்கள். ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் போனபோது அக்காவைக் கொலுவறையில் காணோம். பின்கட்டில் நாற்காலி போட்டுக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். “ஆத்துக்குத் தூரம்!” என்றாள் ஏதோ பரிசு விழுந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இன்னும் என்ன விலக்கு, அதனால்தானே மூன்று வருஷம் ஒளித்துவைத்தாய் என்று பொரிந்தேன். “போடி, மூணே நாள். சொல்லிட்டு உட்கார்ந்திருக்கேன். மாமியாரே விளக்கு ஏத்தறார், சுண்டல் பண்றார். நான் ஹாயா இருக்கேன்” என்றாள். இதில் நான் அவளுடன் இன்னமும் ஒத்துப்போகவில்லை. சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். “என் பேரைப் போடாதே. மத்தபடி எழுது” என்றாள். மாமியாரிடம் அனுமதி கேட்கத்தான் எனக்கு உதறல். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுதிய தாள்களை ஒன்று விடாமல் வாசித்தார். 1983 விஷயம் வருகிற இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, வெளியே பார்த்தார். பிறகு மேலே வாசித்தார்.

“அந்த மணி ரவை மாதிரின்னு எழுதியிருக்கியே, பம்பாய் ரவையா, உப்புமா ரவையா?” என்றார். “சரியா விசாரிச்சு எழுது. பத்திரிகைன்னா நாலு பேர் படிக்கிறது.”